போன வருஷத்து வசனம்

அந்தச் சபைக்கு வருடம் பிறப்பது காலண்டரில் இல்லை, சுவரில். பீடத்துக்குப் பின்னால் நீளமான துணி ஒன்று தொங்கும். போதகர் தேர்ந்தெடுத்த ஒரு வேத வசனம் அதில் துணி எழுத்துகளால் தைக்கப்பட்டிருக்கும். வருடம் முழுக்க அதுதான் சபையின் வசனம். ஜனவரி முதல் தேதி காலை ஆராதனையில் வெள்ளைத் திரையை இழுப்பார்கள், புது வசனம் தெரியும், கூட்டம் மொத்தமும் எழுந்து ஆமென் சொல்லும். அதுவரை அது என்ன வசனம் என்று இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் போதகர். இன்னொருத்தி அதைத் தைக்கிறவள்.

தைக்கிறவளுக்குச் சபையில் வசனக்கா என்று பெயர். அவள் நிஜப் பெயர் சபைப் பதிவில் இருக்கிறது, அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு தையல் கடை, கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. புருஷன் போய்ச் சேர்ந்தபோது பெரியவன் பள்ளிக்கூடம் முடிக்கவில்லை, சின்னவனுக்கு மீசை முளைக்கவில்லை. மிஷினை மிதித்தே இரண்டு பேரையும் ஆளாக்கினாள். பெரியவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். சின்னவனுக்கு டயர் கடையில் வேலை. ஊரில் யாருடைய ரவிக்கை யாருக்குப் பத்தாமல் போனது என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒரு வார்த்தை வெளியே போகாது. வாயில் குண்டூசியைக் கவ்விப் பழகியவள், வாயை மூடி வைத்திருக்கவும் பழகியிருந்தாள். அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று.

டிசம்பர் நடுவில் போதகர் கடைக்கே வந்து, நாலாக மடித்த சீட்டைக் கொடுத்தார். சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

"அக்கா, இந்த வருஷம் ரொம்ப ஜெபம் பண்ணி எடுத்த வசனம். படிச்சுப் பாருங்க."

படித்தாள். முன்னால் நடந்ததையெல்லாம் நினைக்க வேண்டாம், இதோ புதுக் காரியம் ஒன்றைச் செய்கிறேன் என்று ஆண்டவர் சொல்கிற வசனம்.

"நல்லா இருக்குல்ல?"

"எழுத்து நிறைய இருக்கு" என்றாள். "துணி பத்துமான்னு பாக்கணும்."

போதகர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவள் சீட்டை மிஷின் மேல் வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்தாள். நினைக்க வேண்டாமாம். சொல்கிறவருக்கு என்ன, வானத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டார். அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் கிளம்பியது. போதகர் மேல் இல்லை, இன்னும் மேலே.

காரணம் இருந்தது. போன வருஷத்து வசனம் பிள்ளைகளைப் பற்றியது. உன் பிள்ளைகளுக்குப் பெரிய சமாதானம் உண்டாகும் என்று வாக்குக் கொடுக்கிற வசனம். அதைத் தைக்கும்போது வசனக்கா பாடிக்கொண்டே தைத்தாள். வேறு யாருக்கோ எழுதினதாக அவளுக்குத் தோன்றவே இல்லை. பெரியவனுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் பிள்ளை இல்லாமல் இருந்து, அந்த வசனம் சுவரில் ஏறிய சில மாதத்தில் மருமகள் முழுகாமல் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மருமகள் அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். "அத்தை, அது எனக்குன்னே நீங்க தச்சது" என்பாள். கேட்டுக் கேட்டு இவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஐந்தாம் மாதம் ஒரு நாள் ஸ்கேன் எடுக்கப் போன மருமகளைக் கூட்டிவரப் பெரியவனால் முடியவில்லை, எங்கேயோ ஒரு ஓட்டலில் ஃப்ரீசர் நின்றுவிட்டது. சின்னவன் தன் மோட்டார் சைக்கிளில் போனான். அதே நேரம் கடையில் வசனக்கா ஒரு கல்யாண ரவிக்கையை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் நூல் தீர்ந்தது. எவளோ ஒரு கல்யாணப் பெண் சாயங்காலம் வந்து நிற்பாளே என்ற அவசரத்தில் போனை எடுத்தாள்.

சின்னவன் எடுத்தான். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு எடுத்திருக்கிறான். அம்மா கூப்பிட்டால் எடுக்காமல் இருக்கத் தெரியாத பிள்ளை அவன்.

"வர்ற வழியில ஒரு நூல்கண்டு வாங்கிட்டு வாடா. செவப்பு. வெறும் செவப்பு இல்ல, மாதுளை முத்து கலரு."

"சரிம்மா."

"என்ன சரி? போன தடவையும் சரின்னுட்டு மெரூன் வாங்கிட்டு வந்து நின்ன. என்ன கலரு, திருப்பிச் சொல்லு."

"மாதுளை…" என்றான். அதற்குப் பிறகு போனில் கேட்டது பேச்சு இல்லை.

சின்னவனுக்குத் தோள் எலும்பு உடைந்தது. மருமகளுக்கு வெளியே பெரிய காயமில்லை. வயிற்றில் இருந்தது மட்டும் போய்விட்டது.

ஆஸ்பத்திரி நடையில் பெரியவன் தம்பியின் சட்டைக் காலரைப் பிடித்தான். "அவ சொன்னா, நீ போன் பேசிட்டே ஓட்டினியாம். யார்கிட்டடா பேசின?" வசனக்கா பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறந்தாள், சத்தியமாகத் திறந்தாள். அதற்குள் சின்னவன் அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "ஒரு ஃப்ரெண்டு." பெரியவன் காலரை விட்டான். தம்பியோடு அவன் கடைசியாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அந்த ஒரு நிமிடத்தில் சொல்லியிருந்தால் சொன்னதுதான். மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டமாக இருந்தது, மறுவாரம் பத்து மடங்கு. பெரியவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு அந்தப் பக்கம் வாடகை வீட்டுக்குப் போய்விட்டான். மருமகள் சபைக்கு வருவதை நிறுத்தினாள். பெரியவன் மட்டும் அவ்வப்போது வந்து வலப்பக்கம் உட்காருவான், சின்னவன் இடப்பக்கம். நடுவில் இவள், இருதலைக் கொள்ளி எறும்பாக. ஆனாலும் பெரியவன் அம்மாவை விடவில்லை. வாரம் ஒரு தடவை வந்து, கடை வாசலிலேயே நின்று, "சாப்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவான். தம்பி பின்னறையில் இருப்பான், மூச்சுக்கூட விடமாட்டான்.

ஒரு தடவை அவளால் தாங்க முடியாமல் சின்னவனிடம் சொன்னாள். "நான் அண்ணன்கிட்ட சொல்லிடறேன்டா."

அவன் ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தான். மோட்டார் சைக்கிளைத் தொடுவதை விட்டுவிட்டு எங்கேயும் நடந்தே போகிறவனாக ஆகியிருந்தான். "சொல்லி என்ன ஆகப்போவுது? இப்ப அண்ணனுக்கு நான் இல்ல. சொன்னா நீயும் இல்லன்னு ஆயிடும். ஒருத்தராவது இருக்கட்டும் விடும்மா."

விட்டாள். அது பிள்ளையின் தியாகம், சரி. அதைத் தின்று தீர்த்தது இவள்தானே? பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவள் என்று ஊரில் யாரையோ ஒரு நாள் சொல்ல வாயெடுத்தவள், பாதியில் நிறுத்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் போதகரின் சீட்டு வந்தது. எழுத்துகளை வெட்டினாள். பழக்கம், கை தானாக வெட்டிவிட்டது. வெட்டின எழுத்துகளை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். தைக்க உட்காரும்போதெல்லாம் வேறு ஏதாவது வேலை வந்தது, இல்லாவிட்டால் வரவழைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸ் முடிந்தது. பெரியவன் வந்து, "புது வருஷத்துக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம்மா. அவளே வர்றேன்னு சொல்லிட்டா" என்றான். வசனக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஏன் வருகிறாள், இத்தனை மாதம் வராதவள் திடீரென்று ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. சந்தோஷம் வந்துவிட்டால் மனுஷனுக்குக் கேள்வி கேட்கத் தெரிவதில்லை.

வருடத்தின் கடைசி நாள் மத்தியானம், புதுத் துணியைத் தைக்காமலே, தையல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆலயத்துக்குப் போனாள். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். அவளே பழையதை இறக்குவாள், புதியதை ஏற்றுவாள், திரையை மூடுவாள். போதகர் நோயாளிகளைப் பார்க்கப் போயிருந்தார். ஏணியைச் சாய்த்து ஏறினாள். பழைய துணியின் ஓரத்தைக் கையில் பிடித்தாள். ஒரு வருடத் தூசி. பிள்ளைகள் என்ற எழுத்துகளின் மேல் விரல் போனது. நெருக்கமான தையல், ஒரு நூல்கூடப் பிரியவில்லை. நன்றாகத்தான் தைத்திருக்கிறாள். தைத்தவள் சொன்ன வேலையைச் செய்துவிட்டாள். சொன்னவர் செய்தாரா?

"செஞ்சு குடுத்துட்டு இறக்கிக்கோங்க" என்று ஏணி மேலேயே நின்று சொன்னாள். உரக்கச் சொன்னாள், ஆலயத்தில் எதிரொலித்தது. "வாக்குக் குடுத்தீங்க. என் பிள்ளைங்க ஒருத்தன் மொகத்த ஒருத்தன் பாக்கல. நடந்ததெல்லாம் நினைக்காதேன்னு புதுசா ஒண்ணு எழுதச் சொன்னா எப்படி? பழசு அப்படியே நிக்குது. இது இங்கயே தொங்கட்டும். நாளைக்கு எல்லாரும் பாக்கட்டும்."

ஆண்டவரோடு சண்டை போடுவது ஒரு விதத்தில் வசதி. அவர் திருப்பிக் கத்தமாட்டார், நீ என்ன செய்தாய் என்று கேட்கவும் மாட்டார், குறைந்தபட்சம் உடனே கேட்கமாட்டார். வசனக்கா பழைய துணியின் தூசியைத் தட்டி, அதே ஆணியில் நேராக இழுத்து மாட்டி, வெள்ளைத் திரையை மூடிவிட்டு இறங்கினாள். வீட்டுக்குப் போகும் வழியில் நெஞ்சு லேசாக இருந்தது. மனதில் இருந்ததைக் கொட்டிவிட்ட மாதிரி. கொட்ட வேண்டியதை வேறு இடத்தில் கொட்டியிருக்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரியாத மாதிரி இருந்துகொண்டாள்.

மறுநாள் காலை ஆலயம் எள் போட்டால் எள் விழாத கூட்டம். வருடம் முழுக்க எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் புதுச் சட்டையில் வந்து முன்பெஞ்சு பிடித்திருந்தார்கள். வலப்பக்கம் மூன்றாவது வரிசையில் பெரியவன், பக்கத்தில் மருமகள். இளைத்திருந்தாள். ஆனாலும் மாமியாரைப் பார்த்ததும் தலையசைத்தாள், சிரிக்கக்கூட முயன்றாள். இடப்பக்கம் கடைசி வரிசையில் தூணை ஒட்டிச் சின்னவன். அண்ணி வந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் தூணுக்குள்ளேயே புகுந்துவிடுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பாட்டு முடிந்தது. சபைச் செயலாளர் மைக்கைப் பிடித்தார். அவருக்கே மைக் மாமா என்றுதான் பெயர். கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்க ஆள் பிறக்கவில்லை.

"இதோ, கர்த்தர் இந்தப் புதிய ஆண்டுக்காக நமக்குக் கொடுத்திருக்கும் வாக்குத்தத்தம்! போதகர் ஐயா திரையை விலக்கித் தருவார்கள்!"

போதகர் கயிற்றை இழுத்தார். திரை ஒதுங்கியது. கூட்டம் எழுந்தது. ஆமென் சொல்ல வாயைத் திறந்தவர்களில் பாதிப் பேர் சொல்லிவிட்டார்கள், அவ்வளவு பழக்கம். மீதிப் பேர் திறந்த வாயோடு நின்றார்கள். போதகர் திரும்பிச் சுவரைப் பார்த்தார், கையிலிருந்த பிரசங்கக் குறிப்பைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

மைக் மாமாவுக்கு நிசப்தம் ஆகாது. "சின்னத் தவறு! சின்னத் தவறு! துணி மாறிப் போச்சு. நம்ம வசனக்காவுக்கும் வயசாகுது இல்லையா? போன வருஷத்தையே மறுபடி நமக்குத் தச்சுக் குடுத்துட்டாங்க!"

கூட்டம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பெரிய குரல் இல்லை. ஆனாலும் ஆலயம் முழுக்கக் கேட்டது.

"துணிய மாத்திடுவாங்கன்னு சொல்லித்தானே என்னைக் கூட்டிட்டு வந்தீங்க?"

மருமகள் புருஷனைப் பார்த்துக் கேட்டாள். கண் மட்டும் சுவரிலேயே இருந்தது. பெஞ்சின் முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அந்தப் பிள்ளைகள் என்ற எழுத்துகளிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் நின்றாள். பெரியவன் அவள் தோளைத் தொட்டான், தட்டிவிட்டாள்.

அப்போதுதான் வசனக்காவுக்கு உறைத்தது. இதற்காகத்தான் இத்தனை மாதம் இவள் வரவில்லை. இன்றைக்கு இது இருக்காது என்று நம்பித்தான் வந்தாள். ஆண்டவர் முகத்தில் அறைவதாக நினைத்து இந்தப் பெண்ணின் முகத்தில் அறைந்திருக்கிறோம். ஒரே வருடத்தில் இது இரண்டாவது தடவை.

எழுந்து நின்றாள். கடைசி வரிசையில் தூணருகே சின்னவன் பாதி எழுந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அம்மாவின் முதுகைப் பார்த்தே அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று கண்டுபிடித்துவிட்டான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை.

"துணி மாறல" என்றாள். "நான்தான் மாத்தாம விட்டேன். கடவுள் சொன்னத செய்யலன்னு கோவம். அவர் செய்ய விடாம வாயில பூட்டுப் போட்டு உக்காந்திருந்தது நான்." பெரியவனைப் பார்த்தாள். "அன்னிக்கு உன் தம்பி ஃப்ரெண்டுகிட்ட பேசலடா. நான்தான் போன் பண்ணினேன்."

பெரியவனுக்கு முதலில் புரியவில்லை. நெற்றியைச் சுருக்கினான்.

"என்னம்மா சொன்ன? திருப்பிச் சொல்லு."

அதே வார்த்தை. அவள் கண்ணை மூடித் திறந்தாள். "நூல் வாங்கிட்டு வரச் சொல்லி நான் போன் பண்ணினேன். அவன் சரின்னுதான் சொன்னான். நான்தான் விடல. கலர திருப்பிச் சொல்லுன்னு இழுத்துப் புடிச்சேன். அவன் சொல்லிட்டு இருக்கும்போதுதான் விழுந்தது. என்னைக் காப்பாத்தத்தான் அவன் பொய் சொன்னான். நான் கேட்டுக்கிட்டு நின்னேன்."

மைக் மாமா மைக்கைக் கீழே இறக்கினார். அவர் வாழ்நாளில் அது முதல் தடவையாக இருக்கும்.

பெரியவன் அம்மாவைப் பார்த்தான். இத்தனை மாதமாக வாரம் தவறாமல் வாசலில் வந்து சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுப் போன முகம் அது. அந்த முகம் மெதுவாக மூடிக்கொண்டதை அவள் கண்ணால் பார்த்தாள். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருமகள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிறகு எழுந்து, "போலாம்" என்றாள்.

இருவரும் நடுவழியில் நடந்தார்கள். வசனக்காவின் வரிசையைக் கடக்கும்போது மருமகள் ஒரு கணம் தயங்கினாள், பெரியவன் தயங்கவில்லை. கடைசி வரிசைக்கு வந்ததும் நின்றான். தூணருகில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த தம்பியைப் பார்த்தான். தோளைப் பார்த்தான், உடைந்து ஒட்டின தோளை.

"ஏன்டா சொல்லல?"

சின்னவன் தூணைப் பிடித்துக்கொண்டான்.

"வாடா" என்றான் பெரியவன்.

சின்னவன் எழுந்தான். அம்மா இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தான். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல் அவன் முழங்கையைப் பிடித்தான், அண்ணி வழிவிட்டு ஒதுங்கினாள். மூன்று பேரும் வாசல் வெளிச்சத்துக்குள் போனார்கள். படியில் இறங்கும்போது சின்னவன் வாய்விட்டு அழுத சத்தம் உள்ளே கேட்டது, "சும்மா இருடா, சும்மா இரு" என்று பெரியவன் சொன்னதும் கேட்டது. சின்ன வயதில் விழுந்து எழுந்து வரும்போது தம்பியிடம் அவன் அப்படித்தான் சொல்வான்.

போதகர் அன்றைக்குப் பிரசங்கம் செய்யவில்லை. குறிப்பை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, முழங்காலில் நின்று எல்லோருமாக ஜெபிப்போம் என்றார். ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்தது. கைகுலுக்கல், வாழ்த்து எல்லாம் வாசலுக்கு வெளியே அடங்கின குரலில் நடந்தது. இரண்டு மூன்று பேர் வசனக்காவின் அருகில் வந்தார்கள், என்ன சொல்வதென்று தெரியாமல் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். சிலர் வராமலே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

அவள் ஏணியைக் கொண்டுவந்து சாய்த்தாள். போதகர் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்.

"நாளைக்குப் பாத்துக்கலாமே அக்கா."

"இல்ல ஐயா. இறக்க வேண்டியதுதான்."

ஏறினாள். ஆணியிலிருந்து முடிச்சை அவிழ்த்தாள். துணி அவள் தோள் மேல் சரிந்தது, எழுத்துகள் தலைகீழாகத் தொங்கின. பிள்ளைகளுக்குச் சமாதானம். ஒவ்வொரு எழுத்தையும் தன் கையால் வெட்டி, ஒட்டி, ஓரம் தைத்தவள் அவள். பிள்ளைகளின் அம்மாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை என்பதைத் தைத்த அன்றைக்கே பார்த்திருக்கலாம்.

"கெட்டியாப் புடிச்சுக்கோங்க ஐயா" என்றாள். "கால் நடுங்குது."